தேனிலவுக்கு ஒரு கள ஆய்வு

அறைக் கதவைத் திறந்ததும் கட்டிலின் மேல் இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. வெள்ளைத் துண்டுகளை முறுக்கிச் செய்தவை. அவற்றைச் சுற்றி ரோஜா இதழ்களால் ஓர் இதயம் போட்டிருந்தார்கள். தலையணை மேல் ஓர் அட்டை: புதுமணத் தம்பதிக்கு வாழ்த்துகள்.

புதுமணத் தம்பதி நாங்கள்தான். நான், ஓய்வு பெற்ற சார்பதிவாளர், வயது அறுபத்தொன்று, ஊர் திருச்சி. உடன் வந்தவர் கலியபெருமாள், வயது அறுபது, மன்னார்குடியில் அரிசி ஆலை. அடுத்த மாதம் அவர் மகன் சுரேந்தருக்கும் என் மகள் நிவேதாவுக்கும் திருமணம்.

தவறு என்னுடையது. விடுதிக்கு அனுப்பிய படிவத்தில் ‘வருகையின் நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டம் இருந்தால் நிரப்புவேன், அதுவும் உண்மையாக நிரப்புவேன். முப்பத்திரண்டு வருடப் பழக்கம். ‘தேனிலவு’ என்று எழுதினேன். ‘முன்னாய்வு’ என்று சேர்க்க அதில் இடம் போதவில்லை.

விடுதியை நடத்தும் ஃபிலோமினா கதவோரம் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியவர், பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பேச்சின் நுனியில் அந்த ஊர் ‘லா’ ஒட்டிக்கொண்டே வரும். “ரெண்டும் ஆம்பளப் பேரா இருக்கேன்னு பாத்தேன் அண்ணே. சரி, நமக்கென்ன, கஸ்டமர்கிட்ட கேக்கக் கூடாது லா. பூவ வாங்கிப் போட்டுட்டேன்.”

கலியபெருமாளுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. ஓர் அன்னத்தைத் தடவிப் பார்த்தார். “துண்டு நல்ல கனமா இருக்கு சம்பந்தி. இத எதுக்கு முடிஞ்சு வெச்சிருக்காங்க?” அதன் கழுத்தைப் பிடித்து ஓர் உதறு உதறினார், தோளில் போட்டுக்கொண்டார், குளிக்கப் போனார். மற்ற அன்னம் தனியே நின்றது. ஃபிலோமினா இரண்டாவது கட்டிலுக்கு ஏற்பாடு செய்யக் கீழே இறங்கினார்.

இரண்டு அப்பாக்கள் ஏன் தேனிலவுக்கு வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் கலியபெருமாள் ஓர் அறிவிப்பு செய்தார். அவர்கள் வீட்டில் புதுசாகக் கல்யாணமானவர்களை முதல் பயணத்துக்குத் தனியே அனுப்பும் வழக்கம் இல்லை. “சின்னஞ்சிறுசுங்க. கடல் தாண்டிப் போவுதுங்க. தொணைக்கு நானும் எங்க வீட்லயும் கூடப் போறோம்.” சின்னஞ்சிறுசுகளில் ஒருவருக்கு வயது முப்பது, இன்னொருவருக்கு இருபத்தெட்டு. என் மகள் அலுவலக வேலையாக ஜெர்மனிக்குத் தனியே போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவள். சுரேந்தர் அப்போது தன் இலையில் இருந்த அப்பளத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான். மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு முதல் ஐயம் தோன்றிய இடம் அது.

பிள்ளைகள் முதலில் கேட்டது இஸ்தான்புல். அங்கே சோறு கிடைக்காது என்று கலியபெருமாள் அதைத் தள்ளுபடி செய்தார். பழைய ஊராக இருக்க வேண்டும், கலகலப்பாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. கோயில் இருக்க வேண்டும், தமிழ் பேசுகிறவர்கள் இருக்க வேண்டும், அரிசி இருக்க வேண்டும் என்பது இவர் நிபந்தனை. ஐந்தும் பொருந்தி வந்தது பினாங்கின் ஜார்ஜ் டவுன். அதோடும் விடவில்லை. “ஒரு தடவ நேர்ல பாத்துட்டு வந்துருவோம் சம்பந்தி. ஒரு மா நெலம் வாங்குறதுன்னாலும் வரப்புல நடந்து பாக்காம வாங்குவோமா?” எங்கள் துறையில் வேலை பார்த்தவன் இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது.

புறப்படும் முன் நிவேதா பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். “கூடப் போயிட்டு வாங்கப்பா, நல்லதுதான். அந்த ஊரு தங்களுக்கு ஒத்து வராதுன்னு மாமனாரே சொல்லணும். அவரும் மாமியாரும் எங்ககூட வர்றதா இருந்தா கல்யாணத்தத் தள்ளி வைங்க. நான் சும்மா சொல்லல.”

“மாப்பிள்ளை அவங்கப்பாகிட்ட பேசலாமே?”

“பேசுனாராம். ‘அப்பா’ன்னு ஆரம்பிச்சாராம். அதுக்குள்ள அவர் தண்ணி கொண்டாரச் சொல்லிட்டாராம்.”

ஆக, இந்தத் தேனிலவில் இருக்கும் வில்லங்கத்தை நீக்குவது என் பொறுப்பு. மூன்று நாள் அவகாசம்.

முதல் ஆட்சேபணையாக விடுதிப் படிக்கட்டை நம்பியிருந்தேன். கீழே கடை, மேலே வீடு என்று கட்டிய இந்தப் பழைய கடைவீடுகளின் மரப்படி ஏணிக்குத் தம்பி மாதிரி இருக்கும். நான் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். கலியபெருமாள் என் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். “மில்லுல மூட்ட தூக்குன காலு சம்பந்தி” என்றார். அந்த ஆட்சேபணை நிலுவையில் வைக்கப்படாமல் அங்கேயே தள்ளுபடியானது.

மறுநாள் காலை ஊரைப் பார்க்கக் கிளம்பினோம். ஜார்ஜ் டவுனில் கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரை போட்ட நடை ஒன்று தெரு நெடுக ஓடுகிறது. மழையிலும் வெயிலிலும் மக்கள் ஒதுங்கி நடக்க அந்தக் காலத்திலேயே சட்டம் போட்டு விட்ட இடம். அதில் இப்போது மோட்டார் சைக்கிள், பூந்தொட்டி, நாற்காலி, சாமி மாடம், காயப்போட்ட துணி எல்லாம் நடக்கின்றன. மக்கள் ரோட்டில் நடக்கிறார்கள். திருச்சி பெரிய கடைவீதியை விட்டு வந்த ஏக்கம் எனக்குச் சற்றுக் குறைந்தது. ஒரே வித்தியாசம், இங்கே ஆக்கிரமிப்பைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள்.

இரண்டாவது ஆட்சேபணை சாப்பாடு. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் நாசி கண்டார் கடைக்கு அழைத்துப் போனேன். மாட்டுக் குழம்பு வேண்டாம் என்றால் அதை மட்டும் விட்டுவிட்டு, சோற்றின் மேல் கோழிக் குழம்பு, மீன் குழம்பு என்று மற்ற எல்லாக் குழம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே எல்லை கட்டிச் சாப்பிடும் மனிதர் இதைப் பார்த்தால் அடுத்த விமானத்துக்குக் கிளம்பிவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

“பஞ்சிர் ஊத்தவா அண்ணே?” என்று பரிமாறுகிறவர் கேட்டார். பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம் என்று அவரே விளக்கினார்.

“எங்க ஊர்ல ஆத்துல வர்றது இங்க தட்டுல வருது. ஊத்துங்க” என்றார் கலியபெருமாள். முதலில் ஒரு பருக்கையை எடுத்து நகத்தால் நசுக்கிப் பார்த்தார். “பழைய அரிசி. வேலை தெரிஞ்ச ஆளுதான் வாங்கியிருக்கான்.” பிறகு இரண்டு தட்டு சாப்பிட்டார். பொரித்த மீன் சினையை எடுத்து என் கண்ணெதிரே பிடித்தார். “இத வசந்தா பாக்கணும் சம்பந்தி. மீன் செனைன்னா அவளுக்கு உசுரு. வீட்ல செஞ்சா எல்லாருக்கும் வெச்சுட்டு சட்டிய வழிச்சுப் பாப்பா.” வசந்தா அவர் மனைவி. பரிமாறுகிறவர் “பொங்குஸ் பண்ணவா?” என்றார், பொட்டலம் கட்டித் தரவா என்று. மன்னார்குடி வரை தாங்குமா என்று கலியபெருமாள் உண்மையாகவே யோசித்தார்.

அங்கிருந்து சுவரோவியங்களைப் பார்க்கப் போனோம். ஜார்ஜ் டவுனில் பாதிச் சுவர்களில் படம், மீதிச் சுவர்களின் முன் அந்தப் படத்துக்காகக் காத்திருக்கும் கூட்டம். ரேஷன் கடை வரிசையில் நிற்கக் கூச்சப்படுகிற எங்கள் ஊர் இளைஞர்கள் இங்கே ஒரு சுவரின் முன் அரை மணி நேரம் பொறுமையாக நிற்கிறார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு மலாய்ப் புதுமண ஜோடி. கணவன் எடுத்த படத்தைப் பார்த்து அந்தப் பெண் தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினாள். பின்னால் நின்ற உள்ளூர்த் தமிழர் கேட்காமலேயே மொழிபெயர்த்தார். “காலை வெட்டிட்டியாம். நேத்தும் வெட்டுனியாம். நாளைக்கு உங்கம்மாவ நிக்க வெச்சு எடுத்துக்கோ, நான் ரூம்லயே இருக்கேங்கிறா.”

கலியபெருமாள்தான் அதிகம் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைக் குறித்துக்கொண்டேன்.

எங்கள் முறை வந்தது. சுவரில் ஒரு பூமரத்தை வரைந்து, அதன் அடியில் நிஜமான மர பெஞ்சு போட்டிருந்தார்கள். கலியபெருமாள் அதன் ஒரு கோடியில் உட்கார்ந்தார். நடுவில் நகர்ந்து உட்காருங்கள் என்றேன். “வேணாம். இப்படியே எடுங்க.” நான் வந்து பக்கத்தில் உட்காரட்டுமா என்றேன். “நீங்க எதுக்கு?” என்றார். பெஞ்சின் மறுபாதி காலியாக இருக்க, ஒரு கையை அதன் முதுகில் நீட்டிப் போட்டுக்கொண்டு படத்துக்குச் சிரித்தார்.

மாலையில் ஃபிலோமினா தேநீர் கொண்டுவந்து வைத்தார். உண்மையான தேனிலவு யாருடையது என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. “மொத்தம் எத்தன பேரு அண்ணே? ரூம் ஒதுக்கணும்.”

“நாலு பேரு. பையன், மருமக, நான், எங்க வீட்ல” என்றார் கலியபெருமாள்.

“ஹனிமூனுக்கா?”

“தொணைக்கு.”

ஃபிலோமினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “போன வருசம் இப்படி ஒரு ஃபேமிலி வந்தாங்க. கல்யாணப் பொண்ணு காலையில என்கூட பாசாருக்குக் காய் வாங்க வந்துரும். சாயங்காலம் என் கிச்சன்ல உக்காந்து வெங்காயம் உரிக்கும். நான் கூப்புடல லா, அதுவா வரும். ஏன் பாப்பா, வெளிய போகலியான்னு கேட்டா, ‘ரூம்ல எல்லாரும் இருக்காங்க ஆன்ட்டி’ங்கும். நாலு நாளும் நான் வெங்காயம் உரிக்கல.”

இதைவிட நல்ல ஆட்சேபணையை நான் எழுதியிருக்க முடியாது. கலியபெருமாளைப் பார்த்தேன். அவர் தேநீரில் கிடந்த ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மாமியார்காரி என்ன பண்ணுச்சு?” என்று கேட்டார்.

“அது ஏசியில படுத்திருக்கும்.”

“எங்க வீட்ல அப்படிப் படுக்குற ஆளு இல்ல” என்றார். தேநீரைக் குடிக்காமல் மாடிக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் கடைசி வாய்ப்பு. மலையடியில் இருக்கும் ஆயர் ஈத்தாம் போய், அங்கிருக்கும் பெரிய சீனக் கோயிலின் படிகளில் உச்சி வெயிலில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். பேருந்து நிலையத்தில் வழித்தடப் பலகையை இரண்டு முறை படித்தேன். எண்ணைச் சரிபார்த்தேன். சில்லறை திருப்பித் தரமாட்டார்கள் என்பதை முன்பே விசாரித்து, இங்கே வெள்ளி என்று சொல்லும் ரிங்கிட்டையும் காசையும் சரியாக எண்ணி வைத்திருந்தேன். ஏறி உட்கார்ந்து, இந்த நாட்டு நடைமுறைகளைப் பற்றிக் கலியபெருமாளுக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். மலை எங்களுக்கு முன்னால் வருவதற்குப் பதிலாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. நான் சரிபார்க்காதது ஒன்றே ஒன்று, திசை.

இறங்கியது ஒரு சந்தை வாசலில். இருபுறமும் மோட்டார் பட்டறைகள், அவற்றுக்குப் பின்னால் பழைய அடுக்குமாடி வீடுகள். எந்தப் பயண நூலிலும் படம் வராத இடம். கீரை விற்ற பெண்ணிடம் வழி கேட்டேன்.

“ஆயர் ஈத்தாமா? இது ஜெலுத்தோங் அண்ணே. நீங்க எதிர்ப்பக்கம் நின்னு ஏறியிருக்கணும் லா.”

“எல்லாம் தெரிஞ்ச ஆளு சம்பந்தி நீங்க” என்றார் கலியபெருமாள். அதுவே போதுமானதாக இருந்தது.

அவருக்குச் சந்தை பிடித்துப்போயிற்று. மீன்களின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். கீரைக்காரப் பெண்ணிடம் நம்மூர்த் தண்டுக்கீரைக்கு இங்கே என்ன பெயர் என்று விசாரித்தார். ஒரு தேங்காய் துருவும் இயந்திரத்தின் முன் ஐந்து நிமிடம் நின்றார். “இத வசந்தா பாக்கணும்.” ரம்புத்தான் குவியலைப் பார்த்தும் அதையே சொன்னார். பூக்கடையில் சீனக் கிழவி ஒருத்தி சாமந்தி கட்டுவதைப் பார்த்தும் அதையே சொன்னார்.

ஆயிரக்கணக்கான பத்திரங்களைப் படித்தவன் நான். ஒரு பத்திரத்தில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதைப் படிப்பதே எங்கள் வேலை. மூன்று நாட்களாக இந்த மனிதர் வாயிலிருந்து சுரேந்தர் என்ற பெயர் ஒருமுறைகூட வரவில்லை என்பது ரம்புத்தான் கடை முன்புதான் எனக்கு உறைத்தது.

சந்தையை ஒட்டிய காப்பிக் கடையில் உட்கார வைத்துக் கேட்டேன். “சம்பந்தி, தேனிலவு யாருக்கு?”

காப்பியைச் சாஸரில் ஊற்றி ஆற்றினார்.

“கல்யாணம் ஆன மறுவாரம் எங்களையும் ராமேஸ்வரம் அனுப்புனாங்க. எங்கம்மா தொணைக்கு வந்தாங்க. மூணு நாளும் வசந்தா அவங்களுக்கு வெந்நீ வெச்சா, கால் புடிச்சு விட்டா. நான் சத்திரத்து வாசல்ல உக்காந்து பேப்பர் படிச்சேன். திரும்பி வந்தா நெல்லு வரத்து ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் நாங்க ரெண்டு பேரும் தனியாப் போனதுன்னா, அவளுக்குக் கண் ஆபரேசனுக்கு தஞ்சாவூர் போனதுதான்.”

“தெரிஞ்சுமா பிள்ளைக்கும் அதையே செய்யப் பாத்தீங்க?”

“வேற என்னன்னு சொல்லிட்டுக் கெளம்புறது? அறுவது வயசுல பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஃபாரின் போறேன்னா ஊரு சிரிக்காதா? மில்லு ஆளுங்க சிரிக்க மாட்டானா? பையனுக்குத் தொணைக்குப் போறோம்னா ஒருத்தன் கேக்க மாட்டான்.”

இவ்வளவு தெளிவான மோசடியை இவ்வளவு அப்பாவியான முகத்தோடு என் அலுவலகத்தில் யாரும் தாக்கல் செய்ததில்லை. கோபம் வந்தது. என் மகளின் கல்யாணத்தைப் பணயம் வைத்து இவருக்கு ஒரு பெஞ்சில் பாதி இடம் வேண்டியிருந்தது. அதை அப்படியே சொன்னேன். நிவேதா சொன்னதையும், கல்யாணத்தைத் தள்ளிவைப்பது உட்பட, ஒரு வரி விடாமல் சொன்னேன்.

அவர் சாஸரைக் கீழே வைத்தார். “தள்ளி வெக்கச் சொல்லிச்சா அந்தப் பொண்ணு?” சிறிது நேரம் எதிரே பட்டறையில் ஒருவன் சக்கரம் கழற்றுவதைப் பார்த்தார். “சுரேந்தர் ஒண்ணும் சொல்லலியே.”

“சொல்ல வந்தானாம். நீங்க தண்ணி கேட்டீங்களாம்.”

“ஆமா, கேட்டேன்.” குரல் இறங்கியிருந்தது. “அதுங்க எந்த ஊரு கேட்டுச்சுங்களோ அங்கயே போவட்டும் சம்பந்தி. நாங்க வல்ல. நம்மளுக்கு என்ன, இத்தன வருசம் போவாதது.”

வெற்றி. வந்த வேலை முடிந்தது. விடுதிக்குத் திரும்பிப் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரு விண்ணப்பத்தை நிராகரிப்பது வேறு, திருத்தி வாங்கிக்கொள்வது வேறு. முப்பத்திரண்டு வருடத்தில் இரண்டாவதை நான் செய்தது மிகக் குறைவு, வீட்டில்கூட.

“பசங்க இஸ்தான்புல் போகட்டும். நீங்க ரெண்டு பேரும் இங்க வாங்க” என்றேன்.

“ஊருக்கு என்னன்னு சொல்றது?”

“நேர்த்திக்கடன். இங்க தண்ணீர்மலையில முருகன் இருக்கார். பிள்ளை கல்யாணம் நல்லபடியா நடந்தா தம்பதியா வந்து அர்ச்சனை பண்றதா வேண்டிக்கிட்டீங்க.”

“நான் வேண்டிக்கவே இல்லையே சம்பந்தி.”

“இப்ப வேண்டிக்குங்க.”

கலியபெருமாள் அந்தக் காப்பிக் கடையிலேயே செருப்பைக் கழற்றினார். தண்ணீர்மலை எந்தப் பக்கம் என்று கேட்டார். திசை விஷயத்தில் நான் இனிமேல் கருத்துச் சொல்வதில்லை என்று கடைக்காரரைக் காட்டினேன். அவர் கை நீட்டிய பக்கம் திரும்பிக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். எனவே அது பொய் அறிவிப்பு அல்ல. தேதி கொஞ்சம் பிந்தியது, அவ்வளவுதான்.

மன்னார்குடியில் அப்போது காலை ஒன்பது மணி. வீடியோவில் கூப்பிட்டார். அந்தம்மா முறத்தோடு திரையில் வந்தார். “சாப்டீங்களா? மாத்தர போட்டீங்களா?”

“போட்டேன். வசந்தா, இங்க நாம வருவமா? நீயும் நானும் மட்டும்.”

மறுமுனையில் அசைவில்லை. படம் உறைந்துவிட்டதென்று நினைத்து அவர் போனை ஆட்டினார்.

“சம்பந்தியண்ணன்கிட்ட குடுங்க” என்று குரல் வந்தது.

போனை வாங்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தேன். “அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்கு ஏதும் போனீங்களா? நெஞ்சு வலிக்குதுன்னாரா?”

“அதெல்லாம் இல்லம்மா. நல்லா இருக்கார்.”

“அப்ப எதுக்கு இப்படிப் பேசுறாரு?”

நேர்த்திக்கடன் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. “உங்களோட தனியா ஊர் சுத்திப் பாக்கணுமாம். வேற காரணம் இல்ல.”

“பசங்க?”

“அவங்க வேற ஊருக்குத் தனியாப் போறாங்க.”

திரையில் முறம் போயிற்று, நடை போயிற்று, ஒரு கதவு சாத்தப்பட்டது. கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. குரல் மட்டும் மிகத் தாழ்வாக வந்தது. “அண்ணே, இத நான் யார்கிட்டயும் சொல்லல. கெளம்புற அன்னிக்குக் கெணத்தடியில வழுக்கி விழுந்துரலாம்னு இருந்தேன். நான் விழுந்தா அவரும் போவ மாட்டாரு, அதுங்க ரெண்டும் நிம்மதியாப் போவும். எந்தக் காலுன்னுதான் முடிவு பண்ணல.”

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“இனிமே விழ வேணாம்ல?” என்றார்.

“வேணாம்மா.”

“சரி. ஆனா ஒடனே ஒத்துக்கிட்டேன்னு சொல்லாதீங்க. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லுங்க.”

அப்படியே சொன்னேன். கலியபெருமாளின் முகம் விழுந்துவிட்டது. “வர மாட்டா சம்பந்தி. எனக்குத் தெரியும்” என்று இன்னொரு காப்பிக்குச் சொன்னார். நான் அதற்குள் நிவேதாவுக்கு எழுதினேன்: அவர்கள் வரவில்லை, இஸ்தான்புல்லைப் பார். எப்படிப்பா என்று கேட்டாள். சம்பந்தியம்மாவை ஒருமுறை நீயே கூப்பிட்டுப் பேசு என்று பதில் போட்டேன்.

காப்பி வந்தபோது கலியபெருமாளின் போன் ஒலித்தது. படித்தார். மறுபடி படித்தார். பிறகு பத்திரத்தில் ஏதோ புரியாத ஷரத்தைக் காட்டும் கட்சிக்காரரைப் போல என்னிடம் நீட்டினார். அங்க மழையா வெயிலா, பட்டு எடுக்கவா நூல் சேலை போதுமா என்று வசந்தா கேட்டிருந்தார்.

“இதுக்கு என்ன அர்த்தம் சம்பந்தி?”

“அனுமதி வழங்கப்பட்டது” என்றேன்.